ஜெர்மனியில் ஒரு வார சர்வதேச மாணவர் முகாம்: தேர்வான நாளிலிருந்து திரும்பி வரும் வரை

நீடித்த வளர்ச்சி, காலநிலை, நகரமைப்பு, கழிவு மேலாண்மை என்று ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பல நாட்டு மாணவர்களை ஒரு வாரம் ஒன்றாக உட்காரவைத்துப் படிக்கவைக்கும் திட்டங்களை ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவும் நடத்துகின்றன. நம் ஊர்க் கல்லூரி ஒன்றோடு அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் நம் மாணவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. தேர்வாவது அவ்வளவு கடினமில்லை. அதன்பிறகு விமானம் ஏறுவதற்குள் சேர்க்க வேண்டிய காகிதங்கள்தான் ஆளை அலைக்கழிக்கின்றன.

தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள ஃப்ரைபர்க் நகரில் நடந்த அப்படியொரு வாரத்துக்கு எங்கள் கல்லூரிக் குழுவோடு போய்வந்தேன். தகவல்கள் தூதரக இணையதளத்தில் கொஞ்சம், கல்லூரி அலுவலகத்தில் கொஞ்சம், முகவர்களின் வாய்மொழியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தன. எங்களோடு தேர்வான ஒரு மாணவிக்கு விசா நாளுக்குள் வரவில்லை. அவரிடம் குறையொன்றும் இல்லை. ஒரு கடிதம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். அந்த இழப்பு உங்களுக்கு நேரக் கூடாது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும், தமிழ்நாட்டில் படிக்கும், முதன்முறை வெளிநாடு செல்லும் மாணவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 90 நாட்களுக்கு மேற்படாத பயணத்துக்குரிய ஷெங்கன் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) குறுகிய கால விசாவைப் பற்றியது இது. கட்டணங்கள் மாறக்கூடியவை; பணம் கட்டுவதற்கு முன் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்கள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாட்கள். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்ள விதி இடம்தருகிறது. பலரும் 15 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் 45-ஐ வைத்துக் கணக்கிடுங்கள். அதோடு, விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே சில வாரங்கள் ஆகலாம். ஏப்ரல் முதல் ஜூலை வரை கோடை விடுமுறைக் கூட்டம் முழுவதும் அதே வரிசையில்தான் நிற்கும்.

ஆக, முகாம் மே மாதத்தில் என்றால் பிப்ரவரி இறுதிக்குள் உங்கள் கோப்பு மையத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஜனவரியில் அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே பாஸ்போர்ட் தயாராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. முந்தையது தயங்கினால் அடுத்ததைத் தொடவே முடியாது.

2. பாஸ்போர்ட்டும் இனிஷியலும்

பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் முறையில் மேலும் 2,000 ரூபாய். போலீஸ் விசாரணை நடக்கும்போது நீங்கள் விடுதியில் இருந்தால் சிக்கல் வரும். நிரந்தர முகவரியில் உங்களை விசாரிக்க வருவார்கள், அக்கம்பக்கத்தார் "சென்னையில் படிக்கிறான்" என்பார்கள், கோப்பு அங்கேயே நின்றுவிடும். தற்போது வசிக்கும் முகவரியைச் சரியாகக் கொடுங்கள். அதற்குக் கல்லூரிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மறக்காமல் இணையுங்கள். அது இருந்தால், வேலைக்காக வெளிநாடு செல்வோருக்கான குடிபெயர்வுச் சோதனை (ECR) தேவையில்லாத வகையில் பாஸ்போர்ட் கிடைக்கும்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் மூன்றைச் சரிபாருங்கள்: ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும், பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருக்க வேண்டும்.

இனி நமக்கே உரிய தொல்லைக்கு வருவோம். கல்லூரிப் பதிவேட்டில் உங்கள் பெயர் "கவிதா எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் "கவிதா செல்வம்" என்றோ, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக விடப்பட்டு வெறும் "கவிதா" என்றோ இருக்கும். ஜெர்மனியில் அழைப்புக் கடிதம் தட்டச்சு செய்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. பதிவுப் படிவத்தில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்பிவிடுவார். பிறகு கடிதம், காப்பீடு, டிக்கெட், சான்றிதழ் எல்லாம் ஆளுக்கொரு பெயரைச் சொல்லும்.

எனவே முகாமின் முதல் பதிவுப் படிவத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும் சேர்த்து அனுப்புங்கள். கல்லூரிச் சான்றில் "கவிதா எஸ் என்பவரும் கவிதா செல்வம் என்பவரும் ஒருவரே" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதல்வர் அலுவலகத்தில் இது வழக்கமான வேண்டுகோள்தான், மறுக்க மாட்டார்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

3. அழைப்புக் கடிதம்

இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் காகிதம் இதுதான். "எங்கள் சர்வதேச வாரத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று மட்டும் வரும் கடிதம் போதாது. விசா அதிகாரி அந்தக் கடிதத்தில் தேடுவது இவற்றை:

உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். முகாம் தொடங்கும் நாளும் முடியும் நாளும். பயணத்தின் நோக்கம் கல்வி என்பதற்கான தெளிவான வாசகம். தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் பயணம் ஆகியவற்றில் எதை அவர்கள் ஏற்கிறார்கள், எதை நீங்கள் ஏற்கிறீர்கள் என்பது. தலைப்புத்தாளில் பொறுப்பாளரின் கையெழுத்து, தொலைபேசி எண்.

இந்தப் பட்டியலை நீங்களே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். அங்கே தெளிவாகக் கேட்பவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கிறது. "ஐயா, தங்களால் முடிந்தால்" என்று சுற்றி வளைத்தால் என்ன வேண்டும் என்பதே அவர்களுக்குப் புரியாமல் போகலாம். நாள் வாரியான நிகழ்ச்சி நிரலையும் கேட்டு வாங்குங்கள்.

கல்வி என்ற அந்த வாசகத்தை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாச் சட்டம் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ செல்லும் பள்ளி மாணவர்கள், கல்லூரி மாணவர்கள், முதுகலை மாணவர்கள், உடன்செல்லும் ஆசிரியர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. எங்களை அணுகிய ஒரு முகவர் அப்படியொரு சலுகையே இல்லையென்று சாதித்தார். சலுகை இருக்கிறது, அது உங்கள் உரிமை. தள்ளுபடி விசாக் கட்டணத்துக்கு மட்டும்தான், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தைத் தனியே கட்ட வேண்டும். கடிதத்தில் "சுற்றுலா", "நட்புச் சந்திப்பு" போன்ற சொற்கள் இருந்தால் இந்தத் தள்ளுபடியைக் கேட்பது கடினமாகிவிடும்.

4. கல்லூரியில் வாங்க வேண்டியவை

மாணவர் என்பதற்கான போனஃபைட் சான்று, முதல்வர் கையெழுத்திட்ட தடையில்லாச் சான்று, விடுப்பு அனுமதி, இதுவரையிலான மதிப்பெண் பட்டியல். தடையில்லாச் சான்றில் நீங்கள் திரும்பி வந்து படிப்பைத் தொடர்வீர்கள் என்ற வரி அவசியம். ஊர் திரும்புவதற்கு உங்களுக்குக் காரணம் இருக்கிறது என்பதற்கு ஒரு மாணவரிடம் இருக்கக்கூடிய வலுவான ஆதாரம் அதுதான்.

வருகைப்பதிவு 75 சதவீதம் கேட்கும் கல்லூரிகளில், இந்த நாட்களை ஆன் டியூட்டியாகக் கணக்கில் எடுப்பார்களா என்பதைக் கிளம்புமுன் எழுத்தில் வாங்குங்கள். துறைத்தலைவர் வாயால் சொன்ன சம்மதம் பருவத்தின் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது. உள்மதிப்பீட்டுத் தேர்வு அந்த வாரத்தில் வந்தால் மறுதேர்வுத் தேதியையும் அதே கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸின்கீழ், இணையத்திலும் நேரிலுமாக நடக்கும் கலப்புத் தீவிரப் பயிற்சி என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் நேரில் கழிக்கும் பகுதி 5 முதல் 30 நாட்கள். இணையவழிப் பகுதி ஒன்றும் கட்டாயம். முழுவதுமாக முடித்தால் குறைந்தது 3 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான அளவீடு) கிரெடிட். இணையவழி வகுப்பைத் தவறவிட்டுவிட்டு நேரில் மட்டும் போனால் கிரெடிட் கிடைக்காது. ஜெர்மன் நேரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னே இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அது மாறும். இணைய வகுப்புக்கு ஒரு மணி நேரம் பிந்தி வருபவர்களில் பலர் அந்த ஞாயிற்றுக்கிழமையை அறியாதவர்கள்தான்.

5. பணம் இருக்கிறது என்று காட்டுவது

பெற்றோரின் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அவர்கள் செலவை ஏற்பதாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். அறிக்கையில் வங்கியின் முத்திரை இருக்கட்டும்.

விண்ணப்பிக்கும் முந்தின வாரம் யாரிடமாவது இரண்டு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் நடமாடும் கணக்கில் திடீரென்று பெருந்தொகை விழுந்தால் சந்தேகம்தான் வரும். சிறிய தொகையாக இருந்தாலும் சீராக வந்துபோவது மேல். கல்லூரியோ முகாமோ உதவித்தொகை தந்தால் அந்தக் கடிதத்தைக் கோப்பின் மேலேயே வையுங்கள். அதன்பின் காட்ட வேண்டிய தொகை குறைந்துவிடுகிறது.

விவசாயம் செய்யும் பெற்றோருக்கு வருமான வரிக் கணக்கு இருக்காது. மனம் தளர வேண்டாம். இ-சேவை மையம் வழியாக வருமானச் சான்றிதழ் வாங்குங்கள். பட்டா, சிட்டா நகல்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள். வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு பக்கக் கடிதத்தில் நேர்மையாக விளக்குங்கள். எங்கள் குழுவில் இப்படி விண்ணப்பித்தவர்களுக்கு விசா கிடைத்தது.

6. காப்பீடு, டிக்கெட், தங்குமிடம்

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்; எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாக வேண்டும்; அவசரச் சிகிச்சையோடு, தேவைப்பட்டால் ஊருக்குத் திரும்பக் கொண்டுவருவதையும் உள்ளடக்க வேண்டும். கிளம்பும் நாளிலிருந்து திரும்பும் நாளுக்கு ஒன்றிரண்டு நாட்கள் கூடுதலாகவே எடுங்கள்.

விசா வருவதற்கு முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுச் சீட்டு போதும். தங்குமிடத்தை முகாமே தந்தால் கடிதத்தில் அது இருக்கும். இல்லையென்றால் இளைஞர் விடுதிகளைப் பாருங்கள். ஜெர்மன் இளைஞர் விடுதிகளில் காலை உணவும் படுக்கை விரிப்பும் வாடகையில் அடங்கும். ரத்து செய்யும் வசதியுள்ள பதிவாக இருக்கட்டும்.

முகாமுக்குப் பின் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். ஃப்ரைபர்க்கில் ஆறு நாள், பாரிஸில் ஏழு நாள் என்று போட்டால் ஜெர்மன் தூதரகம் உங்கள் கோப்பை எடுத்துக்கொள்ளாது. முகாமின் நாட்களே பெரும்பகுதியாக இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரைபர்க்கிலிருந்து அருகிலுள்ள சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு ஒரு நாள் போய்வருவதில் சிக்கலில்லை, அதுவும் ஷெங்கன்தான். லண்டனுக்கு இந்த விசா செல்லாது.

7. விண்ணப்ப மையத்தில்

ஜெர்மனிக்கான விண்ணப்பங்களைச் சென்னையில் வி.எஃப்.எஸ். மையம் பெற்றுக்கொள்கிறது. முடிவெடுப்பது ஜெர்மன் தூதரகத் தரப்பு மட்டுமே. மையத்திலுள்ளவர் "இது போதும்" என்று சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்சிட்டு, கேட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டுக் கொண்டுபோங்கள். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. விரல்ரேகை எடுப்பார்கள்; கடந்த 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்காக ஏற்கெனவே கொடுத்திருந்தால் பழையதையே பயன்படுத்திக்கொள்ள முடியும். எல்லாக் காகிதங்களுக்கும் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

கோப்போடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வையுங்கள். யார் நீங்கள், என்ன படிக்கிறீர்கள், இந்த வாரம் உங்கள் படிப்போடு எப்படித் தொடர்புடையது, செலவை யார் ஏற்கிறார், எப்போது திரும்புகிறீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை நகலெடுத்தால் அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும். அதே மாதிரிக் கடிதத்தை அவர் அன்றைக்கே பலமுறை படித்திருப்பார்.

முன்பு விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கேட்க வழியிருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அந்த நடைமுறையை நிறுத்திவிட்டது. இனி மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். ஒரு வார முகாமுக்கு இரண்டுமே நடக்கிற காரியமில்லை. ஆகவே முதல் கோப்பே முழுமையாக இருக்கட்டும்.

8. செலவுக் கணக்கு

ஒரு யூரோ நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்கிடுங்கள். பெரிய செலவு விமான டிக்கெட்தான். சென்னையிலிருந்து ஃப்ராங்க்பர்ட் போய்வர ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் நல்ல விலை. கோடையில் அதைவிடக் கணிசமாகக் கூடும்.

பங்கேற்புக் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது, பரிமாற்றக் கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இடையிலுள்ள வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். 200 யூரோ அனுப்பியிருப்பீர்கள், அங்கே குறைவாகச் சேரும், "கட்டணம் முழுமையாக வரவில்லை" என்று மின்னஞ்சல் வரும். பெயர்ப் பதிவு அதுவரை நிலுவையில் நிற்கும்.

கைச்செலவுக்கு ஒரு ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் அட்டை), கூடவே ரொக்கமாக நூற்றைம்பது யூரோ. ஜெர்மனியில் சிறு கடைகளில் இன்னும் ரொக்கம் கேட்கிறார்கள். ரயில் நிலையக் கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். மதியத்துக்குப் பல்கலைக்கழக உணவகமே மலிவு. அங்கு உள்ளூர் மாணவருக்கு ஒரு விலை, விருந்தினருக்கு ஒரு விலை. மாணவர் விலை உங்களுக்கும் பொருந்துமா என்று முகாம் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேளுங்கள்.

9. உங்கள் ஊரைப் படித்துக்கொண்டு போங்கள்

இதுவரை சொன்னது போய்ச் சேர்வதற்கு. போன பிறகு அந்த வாரம் உங்களுக்கு என்ன தரும் என்பது, நீங்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் மாணவர்கள் பலர் அங்கே கேட்பவர்களாக மட்டும் இருந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நம்மிடம் சொல்வதற்கு ஏராளம் இருக்கிறது.

முகாம் தொடங்கியதும் "உங்கள் நாட்டில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். "இந்தியா" என்று பொதுவாகப் பேசாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு அதை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஏரிகள் ஒன்றின் உபரிநீரை அடுத்ததுக்குக் கொடுக்கும் சங்கிலி அமைப்பைச் சொல்லலாம். 2003-இல் தமிழ்நாடு முழுவதும் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதையும், அதன்பிறகும் 2019-இல் சென்னை தண்ணீருக்குத் தவித்ததையும் சேர்த்துச் சொல்லலாம். ஏன் என்ற கேள்விதான் அங்கே நல்ல விவாதத்தைத் தொடங்கிவைக்கும். 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் ஓரத்திலேயே இருக்கும் பெருங்குடிக் குப்பைக்கிடங்கையும் படத்தோடு காட்டலாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டது, அதன்பின் வந்த மஞ்சப்பை இயக்கம், இன்னும் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பை ஆகிய மூன்றையும் மறைக்காமல் பேசலாம்.

எங்கள் குழுவில் மிக நன்றாகப் பேசப்பட்டது பாட்டில் விஷயம். ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் அலுமினிய டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்குகிறார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பக் கிடைக்கிறது. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் கொடுத்துவிடுகிறார்கள். அடிப்படை ஒன்றுதான். காட்டில் யானையின் காலைக் கிழித்த கண்ணாடித் துண்டு என்று ஒருவர் விளக்கத் தொடங்கியதும் அரங்கில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே இயந்திரம் செய்கிற வேலையை இங்கே கடை ஊழியர் செய்வதால் வரும் பணிச்சுமை, இடநெருக்கடி என்று பேச்சு நீண்டது. இப்படி ஒன்றாவது உங்களிடம் இருக்க வேண்டும்.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள்: "சூழலைப் பற்றிப் பேச ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்கிறீர்களே, அது சரியா?" இது உங்களைத் தாக்கும் கேள்வியல்ல. அங்குள்ள மாணவர்கள் தங்களையே அப்படிக் கேட்டுக்கொள்கிறவர்கள். இணையத்தில் முடியாத எதை நேரில் செய்யப்போகிறீர்கள் என்பதை யோசித்து வைத்திருங்கள்.

10. பெட்டியில் எது, எது கூடாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பால்பொருளோ கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, ஆட்டுக்கறித் தொக்கு என்று அம்மா கட்டித்தருவது எதுவும் வேண்டாம். பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று தேவை. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பகிர்ந்துகொள்ள ஏதாவது வேண்டுமென்றால் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, எண்ணெயில் பொரித்த முறுக்கு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பல நாட்டவருக்கும் பிடித்திருந்தது. நிலக்கடலை ஒவ்வாதவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நம் இரண்டு முனை மெல்லிய பிளக் அங்கே பொருந்தும். மூன்று முனை பொருந்தாது, மடிக்கணினிக்கு அடாப்டர் வேண்டும். தண்ணீர் பாட்டில் ஒன்று கட்டாயம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். மே மாதமானாலும் மாலையில் குளிரும், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் சிம் வாங்க அடையாளச் சரிபார்ப்பு இருப்பதால் கிளம்புமுன்னே பயண இ-சிம் வாங்கிவிடுவது நல்லது.

11. இறங்கியதும்

அழைப்புக் கடிதம், காப்பீடு, தங்குமிட விவரம், திரும்பும் டிக்கெட் நான்கும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. எல்லை அதிகாரி கேட்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முகத்தையும் விரல்ரேகையையும் பதிவு செய்யும் புதிய முறை படிப்படியாக வந்திருக்கிறது. வரிசைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

ஃப்ராங்க்பர்ட் விமான நிலையத்திலேயே நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது. ஃப்ரைபர்க்குக்கு ஐ.சி.ஈ. என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் அது வீண். விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

நாடு முழுவதும் செல்லும் ஜெர்மன் மாதாந்திரப் பயணச்சீட்டைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. அது நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயிலுக்கு மட்டும், ஐ.சி.ஈ.யில் செல்லாது. அது மாதச் சந்தா என்பதால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள். ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் உள்ளூர்ச் சீட்டே போதும்.

முகாம் திங்கட்கிழமை தொடங்குவதால் எல்லோரும் ஞாயிறு வந்து இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் சில கடைகள் திறந்திருக்கும், அங்கேயே ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு தங்குமிடம் போங்கள். முடிந்தால் சனிக்கிழமையே போய்ச் சேருங்கள்.

தங்குமிடத்தில் குப்பைத் தொட்டிகளுக்கு முன் நின்று திகைக்காதீர்கள்: காகிதம் நீலத்தில், பொட்டல உறைகள் மஞ்சளில், சமையல் கழிவு பழுப்பில், மிச்சம் கறுப்பு அல்லது சாம்பலில். கண்ணாடியைத் தெருமுனைத் தொட்டியில் நிறம் பிரித்துப் போட வேண்டும், ஞாயிறன்று போடக் கூடாது.

12. வகுப்பிலும் வெளியிலும்

ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். பேராசிரியரிடம் மாணவர்கள் "நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று நேராகச் சொல்வார்கள். உங்கள் கருத்தையும் அப்படித்தான் மறுப்பார்கள். அது கருத்துக்கான மறுப்பு, உங்களுக்கானது அல்ல. இடைவேளையில் மறுத்தவரே வந்து காபி குடிக்கக் கூப்பிடுவார். யாராவது பெயர் சொல்லிக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் வாரமே முடிந்துவிடும். கையை உயர்த்துங்கள்.

நாம் தலையை இருபுறமும் அசைத்துச் சம்மதம் சொல்வது அவர்களுக்கு "இல்லை" என்று படுகிறது. வாய்விட்டு "ஆம்" சொல்லுங்கள். குழு வேலையில் முடியாததற்குச் சம்மதித்துவிடாதீர்கள். முடியாது என்று முன்பே சொல்வதைத்தான் அவர்கள் மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருக்கும் பழக்கத்தை அந்த வாரம் மட்டும் ஒதுக்கிவையுங்கள்.

ஃப்ரைபர்க் போகிறவர்கள், சூழலுக்கு இசைந்ததாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட வோபான் குடியிருப்பை வழிகாட்டியோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை பாருங்கள். வழிகாட்டி சூரியத் தகடுகளைக் காட்டுவார். தனியாகப் போகும்போதுதான் கார்கள் ஓரத்து நிறுத்துமாடங்களில் நிற்பதால் தெருவில் குழந்தைகள் விளையாடுவதும், டிராம் நிறுத்தம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் கண்ணில் படும். அங்கே குடியிருக்க வாடகை எவ்வளவு, யாரால் முடியும் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர்களின் அறிக்கைதான் எங்கள் குழுவில் சிறப்பாக அமைந்தது.

13. திரும்பியதும்

போர்டிங் பாஸ், ரயில் சீட்டு, விடுதி ரசீது எதையும் எறியாதீர்கள். உதவித்தொகையில் செலவைத் திரும்பப் பெற அசல் கேட்பார்கள். கைப்பேசியில் மட்டும் இருப்பதை உடனே படமெடுத்துச் சேமியுங்கள். சில செயலிகளில் பயணம் முடிந்ததும் அது மறைந்துவிடுகிறது. பங்கேற்புச் சான்றிதழில் பெயர், நாட்கள், கிரெடிட் மூன்றையும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பும் முன்பே சரிபாருங்கள், ஊருக்கு வந்தபின் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும். கிரெடிட்டை இங்கே ஏற்கவைக்க, பாடத்திட்டத்தையும் மொத்த மணி நேரத்தையும் குறிப்பிடும் ஒரு தாளை அதே பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கி, ஆன் டியூட்டிக் கடிதத்தோடு சேர்த்து முதல் வாரத்திலேயே துறை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.